மழைக்கு ஒதுங்கியவர்கள்

(தம்மம்பட்டியில் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நோட்டீசில் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். ‘எழுத்தாளருக்குப் பெரிதும் தேவை கல்வியா, அனுபவமா?’ நம் பக்கம் பொங்கலோ கோயில் பண்டிகையோ, மேடை போட்டால் இந்த மாதிரி ஒரு தலைப்பு தயாராக இருக்கும். அணிக்கு மூன்று பேர். கல்வி அணிக்காரர் குறளை அடுக்குவார். அனுபவ அணிக்காரர் காமராசரையும் கண்ணதாசனையும் இழுத்துக் கைதட்டல் வாங்குவார். நடுவர் பதினொன்றரை மணிக்கு எழுந்து, இரண்டும் வண்டிக்கு இரண்டு சக்கரம் என்று முடிப்பார். ஜனம் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும். அந்தத் தீர்ப்பை நான் சொல்லப் போவதில்லை. இரண்டும் வேண்டும் என்று சொல்வது, கேள்வி கேட்டவரை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிற தந்திரம்.

நான் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த ஆள் கல்வி அணியில்தான் போய் உட்காருவான் என்று நினைப்பீர்கள். கடைசியில் அங்கேதான் உட்காரப் போகிறேன். போகிற வழி மட்டும் கொஞ்சம் சுற்று.

அனுபவத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது ஏதோ கிடைக்காத சரக்கு மாதிரி பேசுகிறோம். இந்த வட்டாரத்தில் அனுபவத்துக்கு என்ன பஞ்சம்? ஆத்தூர்ப் பக்கம் போனால் குச்சிக்கிழங்குக் காடும் சவ்வரிசி ஆலையும். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மாவு வருவது நின்றபோது சேலத்தில் தொடங்கிய தொழில் அது. கிழங்குக்குத் தோல் உரிக்கிற பெண்கள், மாவுப் பாலைத் தொட்டியில் தெளியவைக்கிறவர்கள், வெயிலில் களத்தில் சவ்வரிசியைத் துழாவுகிறவர்கள், திப்பியை மாட்டுத் தீவனத்துக்கு அள்ளிப் போகிறவர்கள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு நாவலுக்கு வேண்டியது இருக்கிறது. ஒரு பக்கம் கொல்லிமலை, ஒரு பக்கம் பச்சைமலை. மலையிலிருந்து இறங்கி வந்து கடன் வாங்கிப் போனவர்களின் கதை இந்த ஊர்ச் சந்தைக்குத் தெரியும். அனுபவம்தான் எழுத்தாளனை உண்டாக்குகிறது என்றால், தமிழ்நாட்டிலேயே அதிக எழுத்தாளர்கள் தம்மம்பட்டியில் அல்லவா இருக்க வேண்டும்?

பக்கத்து உதாரணம் ஒன்று. எழுத்தாளர் பெருமாள்முருகனின் தந்தை திருச்செங்கோட்டில் சினிமாக் கொட்டகை ஒன்றில் சோடாக் கடை வைத்திருந்தார். அந்தக் கொட்டகைக்குள் சோடாவும் முறுக்கும் விற்று, அங்கேயே படுத்து எழுந்த பையன்களின் வாழ்க்கைதான் 1993இல் வந்த ‘நிழல்முற்றம்’. அந்தப் பையன்கள் எல்லாருக்கும் அதே இருட்டு, அதே பீடிப்புகை, அதே அடி. சொல்லப்போனால் கடைக்காரர் மகனைவிட அவர்களுக்கு அனுபவம் கூடுதல். எழுதியது ஒருவர். அப்படியானால் மிச்சப் பேருக்கும் இந்த ஒருவருக்கும் நடுவில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. அந்த ‘ஏதோ’வைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

இதற்கு உங்கள் ஊர்ப் பட்டறையே விளக்கம் சொல்லும். தம்மம்பட்டி என்றால் வெளியூர்க்காரனுக்கு மரச்சிற்பம். ஆசாரியிடம் சேரும் பையன் முதல் நாளே சாமியின் கண்ணைத் திறப்பதில்லை. உளி தீட்டுவான், மரத்தைப் புரட்டிக் கொடுப்பான், தாள அளவைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வான், பூவேலையில் கை பழகுவான், தப்பாக வெட்டினால் திட்டு வாங்குவான். வாகை மரத்தையும் கொட்டாப்புளியையும் கையில் கொடுத்து, ‘உனக்குத்தான் வாழ்க்கையில் எவ்வளவோ அனுபவம் இருக்கிறதே, செதுக்கு பார்ப்போம்’ என்று எந்தப் பட்டறையிலும் சொல்ல மாட்டார்கள். எழுத்து விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்கிறோம். பேனா எல்லார் வீட்டிலும் இருப்பதால் வந்த மயக்கம் என்று நினைக்கிறேன்.

சிற்பத்திலும் இதே வழக்கு ஒரு காலத்தில் நடந்தது. பட்டறையா, கல்லூரியா? 1957இல் மாமல்லபுரத்தில் அரசு ஒரு சிற்பப் பயிற்சிக்கூடம் தொடங்கியது. பிறகு அது பட்டம் தரும் கல்லூரியானது. அதற்கு நெடுங்காலம் தலைவராக இருந்த வை. கணபதி ஸ்தபதி குலத்தொழிலாகக் கற்றவர், கல்லூரியிலும் படித்தவர். குமரிமுனையில் 133 அடிக்கு நிற்கும் வள்ளுவர் அவர் கைவண்ணம். அந்தச் சிலையில் எந்த அடி பட்டறை, எந்த அடி கல்லூரி என்று பிரித்துச் சொல்பவர் இருந்தால் எழுந்திருக்கலாம்.

சரி, அனுபவ அணியின் பெரிய சாட்சிகளுக்கு வருவோம். முதல் சாட்சி கி. ராஜநாராயணன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். பள்ளிப்படிப்பு ஏழெட்டு வகுப்போடு சரி. மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அங்கேயும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிற மாதிரி அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வேடிக்கை எத்தனையோ மேடைகளில் உருண்டுவிட்டது. சொன்னவுடனே கைதட்டல் விழும். கி.ரா. கெட்டிக்காரர், அவருடைய வேடிக்கையை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவது நாம்தான்.

அதே இடைசெவலில் பிறந்தவர் கு. அழகிரிசாமி. இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். பாடப்புத்தகத்தைச் சொல்லவில்லை. கிடைத்த நாவல், கிடைத்த கவிதை, தமிழில் வந்துகொண்டிருந்த ருஷ்யக் கதைகள் எல்லாம். சங்கீதத்தில் இரண்டு பேருக்கும் பைத்தியம்; கி.ரா. அதை முறையாகக் கற்கவும் முயன்றவர். ரசிகமணி டி.கே.சி.யிடம் போய்க் கம்பனைக் கேட்டவர்கள். அழகிரிசாமி ஊரை விட்டு வேலைக்குப் போன பிறகு அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்களே ஒரு புத்தகமாக வந்திருக்கின்றன. இத்தனையும் நடந்த பிறகு, முப்பத்தைந்தை ஒட்டிய வயதில்தான் கி.ரா.வின் ‘மாயமான்’ ‘சரஸ்வதி’யில் வந்தது. அதுவரை அவர் விவசாயம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தால், பத்து இருபது வருஷப் படிப்பை நாம் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். பிற்பாடு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்புப் பேராசிரியராக அழைத்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுக்கச் சொன்னது. 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது. பல்கலைக்கழகம் படிக்காதவரைக் கூப்பிட்டதாக ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். என் கணக்கில் அது நன்றாகப் படித்த ஒருவரைத்தான் கூப்பிட்டது.

இரண்டாவது சாட்சி ஜெயகாந்தன். 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர், ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புப் படித்தவருக்கு ஞானபீடம் என்பது நம் மேடைகளின் நிரந்தரச் செய்தி. உண்மைதான், 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம். ஐந்தாம் வகுப்புக்கும் ஞானபீடத்துக்கும் நடுவில் அந்தப் பையன் எங்கே இருந்தான்? சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் இருந்தான். கட்சிக்காரர்கள் கூடி வாழ்ந்த இடம் அது. பகலில் வேலை, ராத்திரியில் விவாதம். கட்சித் தலைவர் ஜீவாவின் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடிகிற இடம். பாரதி, கார்க்கி, மார்க்ஸ் எல்லாரும் அலமாரியிலும் இருந்தார்கள், பேச்சிலும் இருந்தார்கள். அச்சகத்தில் ட்ரெடில் ஓட்டினார், புரூஃப் பார்த்தார். பதினாலு பதினைந்து வயதில் இப்படி ஒரு இடம் கிடைத்தால் எந்தக் கல்லூரியில் இதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்?

அச்சகம் என்றதும் விந்தனைச் சொல்லாமல் போக முடியாது. ‘பாலும் பாவையும்’ எழுதிய விந்தன் கம்பாசிட்டர். இங்கே இருக்கிற இளைஞர்களுக்கு அந்த வேலை தெரியாது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்க வேண்டும். எழுத்து இடம் வலம் மாறிக் கிடக்கும். அதை அப்படியே வாசிக்கக் கண் பழக வேண்டும். கல்கியின் வாக்கியத்தை அச்சுக் கோத்த கைக்கு, அந்த வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது, எந்தச் சொல் தேவைக்கு மேல் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நாம் ஒரு கதையை ஒரு மணி நேரத்தில் படித்து மூடுகிறோம். அவர் அதை எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படித்தார். என் வகுப்பில் எந்த மாணவனும் எந்தப் பாடத்தையும் அப்படிப் படித்ததில்லை. நானும் படிக்க வைத்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா. சலூனில் முடி வெட்டுவது தொழில். அந்தச் சலூனிலிருந்தே 1966இல் ‘மல்லிகை’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். பத்திரிகை படிக்கக் காசு இல்லாதவனுக்குச் சலூன்தான் வாசகசாலை என்பது நம் ஊரிலும் தெரிந்த விஷயம். விருதுநகர்ப் பக்கம் மேலாண்மறைநாட்டில் மளிகைக் கடை வைத்திருந்த மேலாண்மை பொன்னுச்சாமியும் ஐந்தாம் வகுப்புக்காரர். 2007இல் ‘மின்சாரப்பூ’வுக்குச் சாகித்திய அகாதெமி. ‘செம்மலர்’ இதழும் அதைச் சுற்றி இருந்த தோழர்களும் அவருக்கு வகுப்பறை.

இந்த வரிசையை நீட்டிக்கொண்டே போகலாம். எல்லாரும் பள்ளியை விட்டவர்கள். படிப்பை விட்டவர் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவருக்கும் புத்தகம் கிடைக்கிற ஓர் இடம் இருந்தது. எழுதியதைப் படித்துவிட்டு ‘இது உருப்படாது’ என்று சொல்லக்கூடிய ஓர் ஆளும் இருந்தார். அந்த ஏதோ என்று சொன்னேனே, அது இதுதான்.

இங்கே நிறுத்தியிருந்தால் அனுபவ அணிக்காரர் எழுந்து, ‘ஐயா, அதைத்தான் நானும் சொல்கிறேன், பள்ளிக்கூடமே தேவையில்லை’ என்பார். என் சண்டை இனிமேல்தான் ஆரம்பம்.

அந்த வெளிப் பள்ளிகளின் வாசலைக் கொஞ்சம் பாருங்கள். கட்சி அலுவலகம், அச்சகம், சலூன், டீக்கடை பெஞ்சு, ரசிகர்கள் கூடும் திண்ணை. இவற்றில் எந்த இடத்திலாவது 1945ஆம் வருஷம் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் போய் ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்திருக்க முடியுமா? பள்ளியை விட்ட பையன் தெருவுக்கு வந்தான். தெரு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. பள்ளியை விட்ட பெண் அடுப்படிக்குப் போனாள். ஊர் ஒதுக்கிவைத்த தெருவில் பிறந்த பையனுக்கு டீக்கடையில் டம்ளரே தனி. பெஞ்சில் எங்கே உட்கார்ந்து இலக்கியம் கேட்பது? 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். பெண்களில் 9 பேர்கூட இல்லை. அந்தக் காலத்தில் பள்ளியை விடுவது ஒரு துணிச்சலே அல்ல, ஊர் வழக்கம். அதில் தப்பி மேலே வந்த நாலு பேரைக் காட்டி, பள்ளி தேவையில்லை என்று சொல்வது, ஆற்றில் போனவர்களை விட்டுவிட்டுக் கரையேறியவரிடம் மட்டும் வெள்ளத்தைப் பற்றிக் கேட்கிற நியாயம்.

சல்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளி நின்றது. அவர் விடவில்லை, நிறுத்தினார்கள். வீட்டுக்குள் இருந்தபடி புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார். திருமணத்துக்குப் பிறகு ஒளித்து ஒளித்து எழுதினார். கவிதைகள் தாயார் கைவழியே வெளியே போயின. வீட்டுக்குத் தெரியாமல் இருக்கவே ‘சல்மா’ என்கிற புனைபெயர். 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’, 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. இவரையும் ‘படிக்காத மேதை’ வரிசையில் நிற்கவைத்துக் கைதட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவரிடமிருந்து பிடுங்கியதைப் பதக்கமாகத் திருப்பிக் குத்துகிறார்கள்.

கார்க்கியின் ‘யான் பயின்ற பல்கலைக்கழகங்கள்’ பலர் படித்திருப்பீர்கள். தெருவே பல்கலைக்கழகம் என்பதற்கு அந்தத் தலைப்பைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். 1884இல் அவர் கசான் நகரத்துக்குப் போனதே நிஜமான பல்கலைக்கழகத்தில் சேரும் ஆசையோடுதான். சேர முடியவில்லை, ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தார். தலைப்பில் இருக்கிற கசப்பை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். ஊர் ஒதுக்கிவைத்த தெருவில் பிறந்த பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதில் அண்ணன் தங்கைக்குச் சொல்லும் புத்தி என்ன? படி என்பதுதான். படித்து முன்னுக்கு வந்தால்தான் இந்தச் சாதி இழிவை உதற முடியும் என்கிறான். அந்தத் தெருவில் அனுபவத்துக்குக் குறை இல்லை என்பது அந்த அண்ணனுக்குத் தெரியாதா?

இனி ராஜம் கிருஷ்ணன். இவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் நம் பட்டிமன்றத்தின் இரண்டு அணியும் இவரை என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும். 1925இல் முசிறியில் பிறந்தவர். நம் துறையூர் வழியாகப் போனால் வந்துவிடுகிற முசிறிதான். பதினைந்து வயதில் கல்யாணம். கல்லூரி வாசல் மிதித்ததில்லை. கணவர் மின்வாரியப் பொறியாளர். மாற்றலாகும் ஊரெல்லாம் இவரும் போனார். நீலகிரியில் இருந்தபோது படகர் வாழ்க்கையைப் பார்த்து ‘குறிஞ்சித் தேன்’. தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய் ‘கரிப்பு மணிகள்’. கடலோர மீனவர்களிடம் போய் ‘அலைவாய்க்கரையில்’. தீப்பெட்டித் தொழிலில் வேகும் குழந்தைகளைப் பற்றிக் ‘கூட்டுக் குஞ்சுகள்’. 1973இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி.

கவனியுங்கள். இவரிடம் பட்டம் இல்லை. உப்பளத்தில் வேலை செய்த அனுபவமும் இல்லை. வலை இழுத்ததும் இல்லை. கல்வியும் இல்லை, சொந்த அனுபவமும் இல்லை, நாவல் மட்டும் இருக்கிறது. எப்படி? போனார், தங்கினார், கேட்டார், குறித்துக்கொண்டார், திரும்பவும் கேட்டார். உப்புப் பாத்தியில் நிற்கிற பெண்ணின் கால் என்னவாகிறது, கங்காணி எப்போது கூலியைப் பிடிக்கிறான் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வரி எழுதக் கூடாது என்று வைத்துக்கொண்டார். ஓர் ஆராய்ச்சி மாணவர் பல்கலைக்கழகத்தில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டுமோ அதைத் தானே உண்டாக்கிக்கொண்டார். நம் நாமக்கல் பக்கத்து கு. சின்னப்ப பாரதியும் அந்த வழிதான். கொல்லிமலை மக்களைப் பற்றி ‘சங்கம்’, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றி ‘சுரங்கம்’. இடம் தேடிப் போய் மனிதர்களோடு பழகி எழுதினார். அனுபவம் தானாக வந்து நம் மேல் விழுந்தால்தான் ஆயிற்று என்பதில்லை.

கல்வி அணிக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்த பிள்ளைகளின் முதல் கதைகளை எத்தனையோ வாசித்திருக்கிறேன். கதிரவன் செங்கதிர் பரப்பாமல் ஒரு கதையும் விடிவதில்லை. வீட்டில் ‘சாப்பிட வாடா’ என்று கூப்பிடுகிற அம்மா, கதைக்குள் வந்ததும் ‘மகனே, உணவருந்த வருக’ என்கிறாள். பதினைந்து வருஷம் பரீட்சைத் தாளுக்கு எழுதிய கை. மதிப்பெண் போடுபவர் முன்னால் விறைப்பாக நின்று பழகிய கை. அதைத் தளர்த்துவதற்கே சில வருஷம் போய்விடுகிறது. சிலருக்குக் கடைசிவரை தளர்வதில்லை. அப்படியானால் எழுத்தையே பாடமாக வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936 முதல் எழுத்துக்கென்றே பட்டறை நடத்துகிறார்கள். அதே பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு எழுத்தாளர் கூடலுக்கு 1973இல் அசோகமித்திரன் போய்வந்தார்; ‘ஒற்றன்’ அதில் கிடைத்தது. அதற்கு முன்பே ஜெமினி ஸ்டூடியோ வேலை அவருக்குக் ‘கரைந்த நிழல்க’ளைக் கொடுத்துவிட்டது. இதற்கு மேல் பட்டறைகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

ஆனால் பள்ளிப்படிப்பு செய்யும் வேலை ஒன்று உண்டு. அதை ஒரு சேலத்துக்காரரை வைத்துச் சொல்கிறேன். 1880. கும்பகோணம் கல்லூரியில் உ.வே. சாமிநாதையர் தமிழாசிரியர், வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆறு வருஷம் கூடவே இருந்து பாடம் கேட்டவர். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய தமிழ்ப் படிப்பு கிடையாது. ஊருக்கு முன்சீப்பாக வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார், ஆங்கிலப் படிப்புக்காரர். மரியாதைக்காகப் பார்க்கப் போனார் ஐயர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஐயர் நீளமாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். ஐயர் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த அறையில் அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தனுப்பினார். 1887இல் சீவகசிந்தாமணி அச்சில் வந்தது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

தமிழில் யார் பெரிய படிப்பாளி? சந்தேகமே இல்லை, ஐயர்தான். முதலியாரிடம் இருந்தது வேறொரு பாடத்திட்டம், வெளியிலிருந்து வந்த கண். நம் பட்டறை நமக்குக் கற்றுக்கொடுக்கும். அந்தப் பட்டறையில் இல்லாத மரம் எது என்று சொல்ல வெளியே இருந்து ஓர் ஆள் வர வேண்டியிருக்கிறது. கி.ரா.வுக்கு அழகிரிசாமி இருந்தார், ஜெயகாந்தனுக்குக் கட்சி இருந்தது. அப்படி யாரும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியும் அரசுக் கல்லூரியும்தான் முதலியார்.

பெருமாள்முருகனுக்கே திரும்பி வருகிறேன். அவர் நாமக்கல்லிலும், உங்களுக்குப் பக்கத்தில் ஆத்தூரிலும் அரசு கலைக் கல்லூரியில் வேலை பார்த்தவர். அவரிடம் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆள் ஆர். ஷண்முகசுந்தரம். 1942இல் ‘நாகம்மாள்’ எழுதியவர். கொங்கு நாட்டுக் குடியானவர் பேச்சை நாவலுக்குள் கூச்சமில்லாமல் உட்காரவைத்தவர். திருச்செங்கோட்டுக் காட்டில் ஆடு மேய்த்தால் கொங்குப் பேச்சு வரும். அந்தப் பேச்சில் ஒருவர் ஐம்பது வருஷத்துக்கு முன்பே நாவல் எழுதியிருக்கிறார் என்பது ஆடு மேய்த்தால் தெரியாது. அதை நூலகத்தில் உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். தன் வீட்டுப் பேச்சுக்கு அச்சில் ஒரு முன்னோர் இருக்கிறார் என்று தெரிவது, எழுத வருகிறவனுக்கு எவ்வளவு பெரிய தைரியம்!

எனக்குப் பிடித்த இன்னொரு பொருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகச் சொன்ன கி.ரா. 1982இல் கரிசல் வட்டாரச் சொல்லகராதி கொண்டுவந்தார். முனைவர் பட்டக்காரர் பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி கொண்டுவந்தார். அகராதி என்பது நம் கணக்கில் படித்தவர் வேலை. சம்சாரியின் சொல் என்பது அனுபவத்தின் சொத்து. இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி ஒரே களத்துமேட்டில் வந்து உட்கார்ந்து சொற்களைப் பொறுக்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது படித்தவர் செய்தது என்று அட்டையை மறைத்துக் கேட்டால் நான் திணறுவேன்.

உரைக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. கேள்விகள் வந்திருக்கின்றன, இரண்டுக்குப் பதில் சொல்கிறேன்.

ஒரு தம்பி எழுதிக் கொடுத்திருக்கிறார்: ‘ஐயா, எனக்கு எழுத வருகிறது. டிகிரியை நிறுத்திவிட்டு ஊர் ஊராகச் சுற்றினால் நல்ல அனுபவம் கிடைக்குமா?’ கிடைக்கும் தம்பி. செமஸ்டர் லீவிலும் அதே பஸ்தான் ஓடுகிறது, அப்போது சுற்று. ஜெயகாந்தன் கல்லூரியை நிறுத்திவிட்டு வரவில்லை. அவருக்குக் கல்லூரியே கிடைக்கவில்லை. கிடைத்ததை விடுவதற்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதே.

அடுத்த சீட்டு ஒரு பெண் எழுதியது. பெயர் வேண்டாம். அம்மா சவ்வரிசி ஆலையில் தோல் உரிக்கப் போகிறார்களாம், இவர் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். ‘எங்க ஆலையைப் பத்தி எழுதினா யாருங்கய்யா படிப்பாங்க?’ என்று கேட்கிறார். கண்ணு, உப்பளத்தைப் பற்றி யார் படிப்பார்கள் என்று ராஜம் கிருஷ்ணன் யோசித்திருந்தால் ‘கரிப்பு மணிகள்’ இல்லை. உனக்கு அவரைவிட ஒரு வசதி கூட; நீ எங்கேயும் போய்த் தங்க வேண்டியதில்லை. முதலில் கதை எழுதாதே. கிழங்கு லாரியிலிருந்து இறங்குவது முதல் மூட்டை தைக்கிறவரைக்கும் ஆலையில் புழங்குகிற சொல் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுது. கருவிக்குப் பெயர், வேலைக்குப் பெயர், திட்டுகிற சொல், எல்லாம். அம்மாவுக்குத் தெரியாததைக் கணக்குப்பிள்ளையிடம் கேள். லைப்ரரியில் ‘நாகம்மா’ளையும் ‘கரிப்பு மணிக’ளையும் கேட்டு வாங்கிப் படி, இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடு, நானும் கையெழுத்துப் போடுகிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில், தோல் உரிக்க இந்த வருஷம் என்ன கூலி, போன வருஷம் என்ன, அம்மா முதன்முதலில் வேலைக்குப் போன வருஷம் என்ன என்று மூன்று வரி எழுது. அந்த மூன்றாவது வரிக்கு அம்மா சொல்லும் பதிலை அவர்கள் சொல்கிறபடியே எழுதிக்கொள், நம் வாத்தியார் தமிழில் திருத்தாதே.